நான்கு டாலருக்கு 25 சென்ட் நிலம்: வாங்கலாமா?

செகண்ட் லைஃப் என்கிற மெய்நிகர் உலகத்தில், யாரோ கைவிட்டுப் போன நிலத்தை அந்த நிறுவனத்திடமே கேட்டு வாங்கலாம். சதுர மீட்டருக்கு ஒரு லிண்டன் டாலர். ஒரு அமெரிக்க டாலரைக் கொடுத்தால் ஏறக்குறைய 250 லிண்டன் டாலர் கைக்கு வரும். அப்படிப் பார்த்தால் 1,024 சதுர மீட்டர் நிலம், நம் கணக்கில் 25 சென்ட், சுமார் நான்கு டாலர்தான். 400 ரூபாய்கூட ஆகாது. கேட்டவுடன் சபலம் தட்டும். ஆனால் இது வாங்கிப் போட்டுவிட்டு மறந்துவிடுகிற நிலம் இல்லை. வாங்குகிற விலை ஒன்றுமே இல்லை. மாதாமாதம் கட்டுகிற கட்டணம்தான் எல்லாம். யானையை யாரோ இலவசமாகவே கொடுத்தாலும் தீனி போடப் போவது நாம்தானே.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். சான் பிரான்சிஸ்கோவில் பிலிப் ரோஸ்டேல் 1999இல் தொடங்கிய லிண்டன் லேப் நிறுவனம், 2003 ஜூனில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட உலகம் செகண்ட் லைஃப். விளையாட்டு போலத் தோன்றும். ஆனால் ஜெயிப்பதற்கோ மதிப்பெண் எடுப்பதற்கோ இங்கே ஒன்றுமில்லை. உங்களுக்கு ஒரு உருவம், அதாவது அவதார். அது நடக்கும், பறக்கும், நடனமாடும், அடுத்தவரோடு பேசும். அங்கே காண்கிற வீடு, சட்டை, செருப்பு, கப்பல், கோயில் எல்லாம் பெரும்பாலும் அங்கே வாழ்கிறவர்களே செய்து விற்றவை.

2006, 2007 வாக்கில் இதற்கு வந்த மவுசு சாதாரணமானதல்ல. மெய்நிகர் நிலத்தை வாங்கி, கூறுபோட்டு, வாடகைக்கு விட்டுப் பணம் பார்த்த ஆன்ஷி சுங் என்ற அவதார் 2006 மே மாதம் பிசினஸ்வீக் இதழின் அட்டையில் வந்தது. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அங்கே ஒரு நிருபரையே உட்கார வைத்தது. 2007இல் மாலத்தீவும் சுவீடனும் தூதரகம் திறந்தன. பிறகு பரபரப்பு அடங்கிவிட்டது, உலகம் அடங்கவில்லை. இருபது ஆண்டுகளைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தத் தொழிலில் இது பெரிய வயது.

பணம் கட்டலாமா என்று யோசிக்கிறவர்கள் பலருக்கும் தெரியாத சங்கதி ஒன்று: கட்டாமலேயே அங்கே ஏறக்குறைய எல்லாமும் செய்யலாம். கணக்குத் தொடங்குவது இலவசம். ஊர் சுற்றலாம், பாட்டுக் கச்சேரி கேட்கலாம், நண்பர்கள் பிடிக்கலாம், துணிமணி வாங்கலாம். பொருள் செய்து பழக வேண்டுமென்றால் அதற்கென்றே பொதுத் திடல்கள் இருக்கின்றன. செய்த பொருளை விற்கவும் நிலம் வேண்டாம். மார்க்கெட்பிளேஸ் என்ற இணையக் கடையில் போட்டு விற்கலாம். சந்தா கட்டாமலேயே தனியாரிடம் வாடகைக்கு வீடு பிடித்துக் குடியிருக்கவும் செய்யலாம். எனவே 'உள்ளே நுழைய வேண்டுமே' என்பதற்காக யாரும் அட்டையை எடுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் சந்தா எதற்கு? பிரீமியம் என்ற சந்தாவை எடுத்துக்கொள்வோம். 2019இல் விலையை உயர்த்தியபின் மாதம் 11.99 டாலர், ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் 99 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 8,900 ரூபாய். மாதாமாதம் கட்டுகிறவர் அதே ஆண்டுக்கு 143 டாலருக்கு மேல் கொடுக்கிறார். இதற்குப் பதிலாகக் கிடைப்பவற்றில் இரண்டுதான் முக்கியம்: வாரம் 300 லிண்டன் டாலர் உதவித்தொகை, 1,024 சதுர மீட்டர் வரை நிலத்துக்கு மாதக் கட்டணம் இல்லை என்ற சலுகை. மற்றவை, கூடுதல் குழுக்களில் சேரலாம், உதவியாளரோடு நேரடியாகப் பேசலாம் என்பவை, இருந்தால் நல்லது. அவற்றுக்காக யாரும் சந்தா கட்டப் போவதில்லை.

பழைய குடிவாசிகள் எல்லோரும் போடும் ஒரு கணக்கு உண்டு. வாரம் 300 என்றால் ஆண்டுக்கு 15,600 லிண்டன் டாலர். 250ஆல் வகுத்தால் சுமார் 62 அமெரிக்க டாலர். கட்டிய 99இல் 62 திரும்ப வந்துவிட்டது. ஆக ஆண்டுக்கு 37 டாலருக்கு ஒரு வீட்டு மனை, மாதம் மூன்று டாலர் சொச்சம். 2019க்கு முன் ஆண்டுச் சந்தா 72 டாலராக இருந்தபோது இந்தக் கணக்கு இன்னும் இனித்தது. சந்தாவை விற்கிறவர்களைவிடச் சந்தா கட்டியவர்கள்தாம் இதை அதிக உற்சாகத்தோடு சொல்வார்கள்.

கணக்கில் பிழை இல்லை, ஆனால் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அந்த 15,600 லிண்டன் டாலரை நீங்கள் எப்படியும் செலவழித்திருப்பீர்கள் என்றால்தான் 62 டாலர் மிச்சம். வாரம் ஒரு சட்டை, ஒரு நாற்காலி, பாடகருக்குக் கொஞ்சம் அன்பளிப்பு என்று ஏற்கெனவே கைக்காசு போட்டு லிண்டன் டாலர் வாங்கிக்கொண்டிருக்கிறவருக்கு இது உண்மையான தள்ளுபடி. மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறவருக்கு அது கணக்கில் குவிந்துகிடக்கும் பொம்மைக் காசு. அதை அமெரிக்க டாலராக மாற்றி வெளியே எடுக்கலாமே என்றால், அதற்கும் கட்டணங்கள் பிடிப்பார்கள். நமக்கு வந்து சேரும்போது மெலிந்துதான் வரும். ஆகவே சந்தா கட்டுவதற்கு முன் இலவசக் கணக்கில் இரண்டு மூன்று மாதம் இருந்து, எவ்வளவு செலவழிக்கிறோம் என்று பார்த்துக்கொள்வதே உத்தமம். பரிவர்த்தனைப் பட்டியலை நிறுவனமே காட்டுகிறது.

2022இல் வந்த பிரீமியம் பிளஸ் ஆண்டுக்கு 249 டாலர். வாரம் 650 லிண்டன் டாலர், 2,048 சதுர மீட்டர். இதற்கும் அதே கணக்குப் போட்டால் உதவித்தொகை 135 டாலர், கைவிட்டுப் போவது 114. ஓவியங்களும் உருவங்களும் வரைந்து நாள்தோறும் பதிவேற்றுகிறவர்களுக்கு, பதிவேற்றக் கட்டணம் இல்லை என்பதால், இது கட்டுப்படியாகலாம். மற்றவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். (விலைகளை நிறுவனம் அவ்வப்போது மாற்றும், கட்டுகிற அன்றைக்கு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)

இனி நிலம். மூன்று வழிகள் இருக்கின்றன, மூன்றும் ஒரே மாதிரியல்ல.

சந்தாதாரருக்கு எளிதானது லிண்டன் ஹோம். 1,024 சதுர மீட்டர் சலுகையை அப்படியே கொடுத்துவிட்டால், நிறுவனமே கட்டிவைத்திருக்கும் வீடு ஒன்று கிடைக்கும். 2019இல் திறந்த பெல்லிசீரியா கண்டத்தில் படகு வீடு, மர வீடு, விக்டோரியா பாணி வீடு என்று வரிசை வரிசையாக இருக்கிறது. தெரு, மரம், கால்வாய் எல்லாம் அவர்கள் பராமரிப்பு. பக்கத்து வீட்டுக்காரர் திடீரென்று கோபுரம் எழுப்பி உங்கள் கடலை மறைக்க முடியாது. அதற்கு விலையாக நீங்களும் இஷ்டத்துக்குக் கட்ட முடியாது, கடை வைக்கக் கூடாது, விற்கவும் முடியாது. பிடிக்கவில்லையா, விட்டுவிட்டு வேறொன்று கேட்கலாம். முதல்முறையாகப் பணம் கட்டுகிறவருக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை என்பது என் கருத்து.

இரண்டாவது, மெயின்லேண்ட் எனப்படும் பெருநிலம். சன்சாரா, ஹெட்டரோசெரா, ஜியோகோட் என்று கண்டங்கள். இங்கே நிலம் வைத்திருக்கச் சந்தா கட்டாயம். இங்கேதான் நான்கு டாலர் நிலம் கிடைக்கும், இங்கேதான் வம்பும் கிடைக்கும். யார் எதை வேண்டுமானாலும் கட்டலாம் என்பதால் உங்கள் பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் இரவு பகலாக மின்னும் கேளிக்கை விடுதி வரலாம். ஒரு காலத்தில் இன்னும் மோசம்: 16 சதுர மீட்டர் துண்டு நிலத்தை நட்டநடுவில் வாங்கி, அதில் சுழலும் விளம்பரப் பலகையை நட்டு, 'தொந்தரவாக இருந்தால் பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கிக்கொள்' என்கிற ஆட்கள் இருந்தார்கள். 2008இல் நிறுவனம் அதற்குத் தடை போட்டது. கண்ணுக்குத் தெரியாத தொந்தரவும் உண்டு. 256 மீட்டருக்கு 256 மீட்டர் கொண்ட ஒரு வட்டாரம், அதாவது 65,536 சதுர மீட்டர், ஏறக்குறைய 16 ஏக்கர், ஒரே கணினி நிரலில் ஓடுகிறது. அதற்குள் பக்கத்து மனைக்காரர் கனமான இயந்திரங்களை ஓடவிட்டால் உங்கள் வீட்டில் நீங்கள் நடப்பதே திணறும்.

ஆகவே பெருநிலத்தில் வாங்குகிறவர் ஒரே நாளில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வெவ்வேறு நேரத்தில் போய் நின்று பாருங்கள். நான்கு பக்கமும் யார் நிலம் என்று சொடுக்கிப் பாருங்கள். ஒரு பக்கமாவது நிறுவனத்துக்குச் சொந்தமான சாலையோ நீர்நிலையோ இருந்தால் அந்தப் பக்கம் என்றைக்கும் தொல்லை வராது. பிளேக் கடலில் படகு விடுகிறவர்கள் கூடுவதால் அதன் கரையோர மனைகளுக்கு இன்றும் கிராக்கி. பரப்பளவைக் காட்டிலும் முக்கியம், எத்தனை பொருள் வைக்கலாம் என்ற வரம்பு. பெருநிலத்தில் 1,024 சதுர மீட்டருக்கு 351 அலகு. ஒரு வீடும் நாலு மரமும் அக்கறையில்லாமல் செய்யப்பட்டவையாக இருந்தால் அந்த 351 அங்கேயே தீர்ந்துவிடும்; கட்டில் போட இடமிருக்கும், அனுமதி இருக்காது.

சலுகை அளவான 1,024ஐத் தாண்டினால் மாதக் கட்டணம் தொடங்கும். 2018இல் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தபின், கூடுதலாக 512 சதுர மீட்டருக்கு மாதம் 4 டாலர், 4,096க்கு 22 டாலர், முழு வட்டாரத்துக்கு 175 டாலர். படிக்கட்டு மாதிரி ஏறும். ஒரு படிக்கு மேல் ஒரு துண்டு நிலம் அதிகமானாலும் அடுத்த படியின் முழுக் கட்டணம். இதில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. கட்டணத்தை மாதக் கடைசியில் உங்களிடம் இருக்கிற நிலத்தை வைத்துப் போடுவதில்லை. அந்த மாதத்தில் எப்போது அதிகபட்சம் வைத்திருந்தீர்களோ, ஒரே ஒரு மணி நேரமானாலும், அந்த அளவுக்குப் போடுவார்கள். இருக்கிற மனையை விற்கும்முன் புது மனையை வாங்கிவிட்டால் அன்றைக்கு இரண்டும் உங்கள் பெயரில் இருக்கும்; பில் இரண்டுக்கும் வரும். அதேபோல் நிலத்தை விற்றுவிட்டாலும் கைவிட்டாலும் மட்டும் போதாது. கணக்குப் பக்கத்துக்குப் போய் நிலக் கட்டண அளவையும் நீங்களே கீழே இறக்க வேண்டும். அதை மறந்தவர்கள் இல்லாத நிலத்துக்கு மாதக்கணக்கில் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது வழி, தனியார் தீவுகள். ஒருவர் நிறுவனத்திடம் முழு வட்டாரத்தையே எடுக்கிறார். 2018இல் அமைப்புக் கட்டணம் 349 டாலர் என்றும், 2019இல் மாதக் கட்டணம் 229 டாலர் என்றும் இறங்கின. அப்படி இறங்கியும் அன்றைக்கு ஆண்டுக்கு 2,700 டாலருக்கு மேல். அவர் அதைப் பிரித்து வாரவாடகைக்கு விடுவார். குடியேற உங்களுக்குச் சந்தா தேவையில்லை. வாடகையை லிண்டன் டாலரில் கட்டினால் போதும். ஒழுங்கான தீவாக இருந்தால் பெருநிலத்தைவிட அழகாகவும் அமைதியாகவும் இருக்கும். 'விற்பனைக்கு' என்று பலகை வைத்திருந்தாலும் ஏமாறாதீர்கள், அதுவும் வாடகைதான். தீவுக்காரர் நிறுவனத்துக்குக் கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்டால் தீவே மறைந்துவிடும். நீங்கள் முன்பணமாகக் கொடுத்த மூன்று மாத வாடகையை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். ஆகையால் அங்கே வாரவாடகை மட்டும் கட்டுங்கள். தள்ளுபடி தருகிறேன், ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டு என்றால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள்.

'வாங்கினேன்' என்று எத்தனை முறை சொன்னாலும், உங்கள் கையில் இருப்பது பட்டா அல்ல, பயன்படுத்த அனுமதி. நிறுவனத்தின் நிபந்தனைகளே அப்படித்தான் சொல்கின்றன. பென்சில்வேனியா வழக்கறிஞர் மார்க் பிராக் 2006இல் இதை நீதிமன்றம் வரை கொண்டுபோனார். பொது ஏலத்துக்கு வராத ஒரு நிலத்தை, இணைய முகவரியை மாற்றி அடித்து, சுமார் 300 டாலருக்கு அவர் எடுத்தார் என்பது நிறுவனத்தின் குற்றச்சாட்டு. அந்த நிலத்தை மட்டுமல்ல, அவர் கணக்கையே முடக்கி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. 2007 மே மாதம் கூட்டாட்சி நீதிமன்றம், தகராறுகளை நிறுவனம் விதித்த நடுவர் முறையில்தான் தீர்க்க வேண்டும் என்ற நிபந்தனை ஒருதலைப்பட்சமானது என்று தள்ளியது. பிராக்குக்குச் சாதகமான உத்தரவுதான். ஆனால் மெய்நிகர் நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குத் தீர்ப்பு வருவதற்குள் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. பிறகு நிபந்தனைகள் எழுதப்பட்ட விதத்தில் அந்தக் கேள்விக்கு நிறுவனமே பதிலும் எழுதிவிட்டது.

கட்டணத்தை நிர்ணயிப்பதும் அதே கைதான். 2008 அக்டோபரில், ஓப்பன்ஸ்பேஸ் என்ற மலிவான திறந்தவெளி வட்டாரங்களின் மாதக் கட்டணத்தை 75 டாலரிலிருந்து 125 டாலராக உயர்த்தப்போவதாக அறிவித்தார்கள். மலிவு என்று கடலும் காடுமாக வாங்கிக் குவித்திருந்தவர்கள் பொங்கியெழுந்தார்கள். நிறுவனம் கொஞ்சம் இறங்கிவந்து உயர்வைப் படிப்படியாக்கியது, அவ்வளவே. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் கட்டணம் குறைந்திருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நான் சொல்ல வருவது, ஏறுவதும் இறங்குவதும் உங்கள் கையில் இல்லை.

முதலீடாக நினைத்து வாங்கலாமா? கூடாது. தேவைப்பட்டால் இன்னொரு கண்டத்தையே உருவாக்க முடிகிற இடத்தில் நிலம் எப்படி அரிதாகும்? கைவிடப்பட்ட மனை சதுர மீட்டருக்கு ஒரு லிண்டன் டாலர் என்பதே சந்தையின் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறது. அதோடு, உலகமே மூடப்படலாம். கூகுள் 2008 ஜூலையில் தொடங்கிய லைவ்லி அந்த ஆண்டு முடிவதோடு முடிந்தது. மைக்ரோசாஃப்டின் ஆல்ட்ஸ்பேஸ் 2023 மார்ச்சில் மூடப்பட்டது.

பிளாக்செயின் நிலம் வேறு மாதிரி என்பார்கள். டிசென்ட்ராலாண்ட் என்ற அப்படிப்பட்ட உலகத்தில் 90,601 மனைகள்தான், ஒவ்வொன்றும் 16க்கு 16 மீட்டர். அதற்குமேல் வராது, மாதக் கட்டணமும் இல்லை. பேஸ்புக் தன் பெயரை மெட்டா என்று மாற்றிய அடுத்த மாதம், 2021 நவம்பரில், அங்கே மனைத் தொகுப்பு ஒன்று 24 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அடுத்த ஆண்டே அந்தச் சந்தை சரிந்தது. மனைகளின் எண்ணிக்கையை நிறுத்திவைக்கலாம். வருகிற ஆட்களைப் பிடித்து நிறுத்த முடியாது. இந்தியாவில் இருக்கிறவருக்கு இன்னொன்றும் உண்டு: இந்த வகைச் சொத்தை விற்று லாபம் வந்தால் 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி; நஷ்டம் வந்தால் வேறெந்த வருமானத்திலும் கழித்துக்கொள்ள முடியாது.

ஒரே ஒரு நிகழ்ச்சிக்காக என்றால் நிலமே வேண்டாம். 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் திருமணம் செய்த ஒரு ஜோடி, வரவேற்பை மெட்டாவெர்ஸில் நடத்தியது செய்தியாயிற்று. ஒரு நிறுவனம் அமைத்துக்கொடுத்த தளத்தில்தான் நடத்தினார்கள். கட்டிப் பழகுவதுதான் ஆசை என்றால் ஓப்பன்சிம் என்ற இலவச மென்பொருளைச் சொந்தக் கணினியில் போட்டு, அதே அளவு வட்டாரத்தைக் காசில்லாமல் ஓட்டலாம். கூட்டம்தான் இருக்காது.

நம்மூர் அட்டையில் கட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு நிறுவனத்துக்கு டாலரில் கட்டும்போது வங்கி தனியாக ஒரு கட்டணம் பிடிக்கும். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் விதி அமலுக்கு வந்தபின், மாதாமாதம் தானாகக் கழியும் தொகைகளுக்கு முன்கூட்டியே ஒப்புதல் பதிய வேண்டும்; வெளிநாட்டுச் சந்தாக்கள் இதில் அடிக்கடி தடுக்கி நிற்கின்றன. பத்திரிகைச் சந்தா தடுக்கினால் ஓர் இதழ் வராது. நிலக் கட்டணம் தொடர்ந்து தடுக்கினால் கணக்கு முடங்கி, நிலம் போய், அதன்மேல் வைத்திருந்த வீடும் பெட்டிக்குள் போய்விடும். கட்டுவதென்று முடிவு செய்தால் சந்தாவையாவது ஆண்டுக்கு ஒருமுறை கட்டுவது இந்தத் தொல்லையைக் குறைக்கும், தொகையும் குறைவு.

வாரத்தில் பல நாள் அங்கே போகிறீர்கள், நண்பர்கள் இருக்கிறார்கள், வாரத்துக்கு ஓரிரு டாலர் ஏற்கெனவே செலவாகிறது என்றால் ஆண்டுச் சந்தா கட்டுங்கள், ஒரு லிண்டன் ஹோம் எடுத்துக்கொள்ளுங்கள், அதோடு நிறுத்துங்கள். ஆறு மாதம் கழித்தும் அந்த 351 அலகு போதவில்லை என்றால் பெருநிலத்தைப் பற்றி யோசிக்கலாம். முழு வட்டாரம், தீவு என்பதெல்லாம் 2,000 டாலருக்கு மேல் ஆண்டுதோறும் பொழுதுபோக்குக்கு ஒதுக்க முடிகிறவர்களுக்கு. மற்றவர்களுக்கு இலவசக் கணக்கே போதும்.